500 விசிட்டிங் கார்டும் ஒரு விலாசமும்

மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மணமக்களுக்குக் கை கொடுத்துவிட்டு, சாப்பாட்டு க்யூவில் யார் இலைக்குப் பின்னால் நிற்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவனைப் பார்த்தேன். என் பி.காம் தோழன். மாப்பிள்ளை வீட்டாரைவிட மும்முரமாக ஹால் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். பட்டுப் புடவை மாமிகள், பாயசம் ஊற்றுகிறவர், நாதஸ்வரக் கோஷ்டி... யாரையும் விடவில்லை. எல்லார் கையிலும் ஒரு கார்டு.

"என்னடா, இன்விடேஷனா? இன்னொரு கல்யாணமா உனக்கு?"

"போடா! விசிட்டிங் கார்டு. பிசினஸ் ஆரம்பிச்சுட்டேன். நெட்வொர்க்கிங் பண்றேன்!"

எனக்கும் ஒன்று கொடுத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தெரிந்தவன், என் அம்மா கையால் ஆயிரம் தோசை சாப்பிட்டவன், தன் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த கார்டை எனக்குக் கொடுக்கிறான்! வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் சட்டையோடு அதுவும் வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது.

கார்டின் கதை அதோடு முடிந்தது. அவன் கதை அப்படி முடியவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் விற்பனைப் பிரிவில் இருந்தவன். ஒரு திங்கட்கிழமை காலை 'ஆட்குறைப்பு' என்று அழகான தமிழில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தான். மனைவியின் நகையை அடகு வைத்து, திருப்பாதிரிப்புலியூரில் (அதாவது நம்ம திருப்பாப்புலியூரில்) ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, அட்டைப் பெட்டி செய்ய ஆரம்பித்தான். ஸ்வீட் கடைக்கு, பேக்கரிக்கு, துணிக்கடைக்கு. மெஷின் செகண்ட் ஹாண்ட். வேலையாட்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் மனைவி, நாலாவது ஆள் மாமியார்.

கார்டு 500 அடித்தான். நாலு மாதத்தில் 320 கொடுத்துத் தீர்த்துவிட்டான். வந்த ஆர்டர் எவ்வளவு தெரியுமா?

சைபர்!

காலை 6.30-க்கு ஒரு இட்லி

"ஒரு மீட்டிங் இருக்கு, வா" என்று ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனான். விடியற்காலை ஆறரை மணிக்கு ஒரு ஓட்டல் ஹாலில் நாற்பது பேர், கோட்டு சூட்டு டையோடு. அந்த நேரத்தில் நான் பார்த்த ஒரே கோட்டு அதுவரை கொசுவலைதான்.

ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றி முக்கால் நிமிஷம் பேச வேண்டும். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர் எல்லாரையும் உருக்கமாகப் பார்த்து, "நாளைக்கு நாம இருப்போமான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார். கரப்பான் பூச்சி ஒழிப்பவர் சரியாக டிபன் நேரத்தில் தன் தொழிலை விளக்கினார். என் முறை வந்தது.

"நீங்க என்ன பண்றீங்க சார்?"

"பத்திரிகைகளுக்கு எழுதறேன்."

"அது சரி சார்... பிசினஸ்?"

சிரிப்பாக இருந்தாலும், சும்மா சொல்லக் கூடாது, இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பலமான சூட்சுமம் இருக்கிறது. ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு ஆள். எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஆடிட்டர் ஒருவர், கேட்டரிங் ஒருவர். உள்ளுக்குள் போட்டி கிடையாது. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீடு கட்டுகிறார் என்றால், நம்ம எலெக்ட்ரீஷியனைப் போய்ப் பார்க்கச் சொல்கிறீர்கள். உங்கள் கடைக்கு எலெக்ட்ரீஷியன் ஆள் அனுப்புகிறார்.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கெல்லாம் பெரியண்ணன் பி.என்.ஐ. 1985-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் என்பவர் ஆரம்பித்தார். ஏன் ஆரம்பித்தார்? அவர் ஒரு கன்சல்டன்ட். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைநழுவிப் போய்விட்டார். அடுத்த வாடிக்கையாளருக்கு வழி தேட வேண்டிய நெருக்கடி. ஆக, உலகம் முழுக்கப் பரவிய அந்த அமைப்பும் நம் தோழனைப் போல ஒரு திங்கட்கிழமைக் காலைச் சங்கடத்தில் பிறந்ததுதான்! அவர்களுடைய தாரக மந்திரம், கொடுப்பவன் பெறுவான் என்பது.

இதற்கும் ஒரு தாத்தா உண்டு. 1905 பிப்ரவரி 23, சிகாகோ. பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையல் கடைக்காரர், ஒரு சுரங்க இன்ஜினீயர் ஆகிய நாலு பேரும் ஓர் அறையில் கூடினார்கள். பெரிய ஊரில் யாரையும் தெரியாமல் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, தொழிலுக்கு ஒருவராகச் சேர்ந்து பழகினால் நட்பும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு என்பது எண்ணம். ஒவ்வொரு வாரம் ஒவ்வொருவர் ஆபீஸில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர். உங்களுக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று வியாபாரம் பார்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் சலித்துவிடும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஊருக்கு ஏதாவது செய்வோம் என்று இறங்கினார்கள். 1907-ல் அவர்கள் எடுத்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்டியது! உலகப் புகழ்பெற்ற ஒரு சங்கம் மிகச் சரியான இடத்தில்தான் அஸ்திவாரம் போட்டிருக்கிறது.

மீட்டிங் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது தோழன் உற்சாகமாக இருந்தான். கையில் நாற்பது கார்டு. "எல்லாம் கான்டாக்ட்டுடா!"

"இந்த நாற்பது பேர்ல உன் பெட்டியைப் பார்த்தவங்க எத்தனை பேரு?"

பதில் இல்லை. ஜன்னல் வழியாகக் கெடிலம் ஆற்றைப் பார்த்தான். அதிலும் தண்ணீர் இல்லை.

நெருங்கிய நண்பன் உதவ மாட்டான்!

பதறாதீர்கள். நான் சொல்லவில்லை, ஆராய்ச்சி சொல்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்கிற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம், "யார் மூலமாக வேலை கிடைத்தது? அவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள்?" என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அடிக்கடி பார்க்கிற ஆள் மூலம் பிடித்தவர்கள் 100-க்கு 17 பேர்தான். எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 56 பேர். வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் மூலம் 28 பேர்.

காரணம் எளிமை. உங்கள் உயிர்த் தோழனுக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் உங்களுக்கும் தெரிந்தவர்கள். நீங்கள் போகிற அதே டீக்கடை, அதே வாட்ஸ்அப் குரூப், அதே ஃபார்வர்டு. அரைகுறையாகத் தெரிந்தவர்தான் உங்களுக்குத் தெரியாத இன்னொரு உலகத்தின் வாசலில் நிற்கிறார்.

"ஐம்பது வருஷத்துக்கு முந்தின கதை சார்" என்பவர்களுக்கு: லிங்க்டுஇன் இணையதளத்தின் 2 கோடிப் பேரை வைத்து இதையே மறுபடி சோதித்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. வேலை மாறுவதற்கு அதிகம் கைகொடுத்தது, ரொம்ப நெருக்கமும் இல்லாத, ரொம்பத் தூரமும் இல்லாத பழக்கம்தான் என்று வந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் நின்று பேசுவோமே, அந்த ரகம்!

ஆனால் ஒன்று. அந்த இரண்டு நிமிஷத்தில் உங்களைப் பற்றி அவர் மனதில் என்ன பதிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். 'கார்டு கொடுத்து உயிரை எடுக்கிறவன்' என்று பதிந்திருந்தால், அவர் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார்.

குண்டு போட்ட ஊர், ஷாம்பூ போட்ட ஊர்

எங்கள் கடலூருக்கு வியாபாரம் புதிதல்ல. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. எல்லை எப்படி அளந்தார்கள்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள். குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமமெல்லாம் கம்பெனிக்கு! பத்திரம், பட்டா, சர்வேயர் எதுவும் வேண்டாம். இன்றைய ரியல் எஸ்டேட்காரர்கள் பார்த்தால் பொறாமையில் கண்ணீர் விடுவார்கள்.

நிலத்தைக் குண்டு போட்டு வாங்கலாம். துணி வாங்க முடியுமா? நெசவாளி யார், நாணயஸ்தன் யார், அட்வான்ஸ் கொடுத்தால் ஓடாதவன் யார் என்று சொல்ல உள்ளூர் ஆள் வேண்டியிருந்தது. அவர்தான் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். பக்கத்துப் புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி எழுதி வைத்த நாட்குறிப்பைப் பார்த்தால் தெரியும், எந்தக் கப்பல் வந்தது, எந்த வியாபாரி எப்படிப்பட்டவர், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று. அந்தக் கால வியாபாரத் தொடர்பு முழுக்க அந்த மனுஷரின் ஞாபகத்திலும் பேனாவிலும் இருந்திருக்கிறது. விசிட்டிங் கார்டில் அல்ல.

நம் காலத்துக்கு வருவோம். கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன், கவின்கேர் நிறுவனர். அப்பா சின்னிகிருஷ்ணன்தான் பணக்காரர் வாங்குகிற பொருளைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்று பொடியையும் ஷாம்பூவையும் சின்னச் சின்ன பாக்கெட்டில் போட்டுப் பார்த்த முன்னோடி. மகன் வீட்டை விட்டு வெளியே வந்து 1983-ல் 15,000 ரூபாயோடு சொந்தமாக ஆரம்பித்தார். அப்பாவின் பெயரிலிருந்தே 'சிக்' ஷாம்பூ. கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்து, ஷாம்பூ போட்டுத் தலை குளிப்பாட்டி, "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க" என்று காட்டினார்கள். அப்புறம், எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பூ பாக்கெட் ஐந்து கொண்டு வந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கடனுக்காக அவர் பேங்க் பேங்க்காக அலைந்தார். அடமானம் வைக்க எதுவும் இல்லை. கடைசியில் ஒரு மேனேஜர், இவரிடம் சொத்து இல்லை, ஆனால் இந்தச் சின்னத் தொழிலை வைத்துக்கொண்டு ஒழுங்காக வருமான வரி கட்டுகிறாரே என்று கவனித்து, அதையே குறிப்பாக எழுதிக் கடனுக்குச் சிபாரிசு செய்தார். இதை ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மேனேஜர் மாமன் மச்சான் இல்லை. ஒன்றாக இட்லி சாப்பிட்டவர் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் இந்த ஆள் என்ன செய்கிறான் என்று ஒரு காகிதம் சொன்னது. அந்தக் காகிதத்தை நம்பித் தன் கையெழுத்தைப் போட்டார். (பி.காம் படித்தவன் என்ற முறையில் எனக்கு அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது!)

சிதம்பரத்திலிருந்து ஒரு கவர்

கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட பஸ்ஸில் போனால் சிதம்பரம். நெட்வொர்க்கிங் என்று இன்று பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறோமே, அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற ஊர்.

எங்கள் பெரியப்பா மும்பையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். மாற்றலாகி எந்த ஏரியாவுக்குப் போனாலும், ஆருத்ரா தரிசனம் சமயத்தில் ஒரு கவர் வீடு தேடி வந்துவிடும். உள்ளே விபூதி, குங்குமம், உற்சவ அழைப்பிதழ். நடராஜர் கோயில் பொது தீட்சிதர்களில் ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு. அவருக்கு எங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன நட்சத்திரம் என்று தெரியும். பேத்தி பிறந்தால் பெரியப்பா அவருக்கு எழுதுவார். அந்தப் பேத்தியின் நட்சத்திரத்துக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்து கவர் வரும். இப்போது கவரோடு வாட்ஸ்அப்பும் வருகிறது. நாங்கள் யாராவது சிதம்பரம் போனால் வேறு எங்கும் விசாரிக்க மாட்டோம். நேரே அவர் வீடு. சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சுவும் எங்கே நன்றாக இருக்கும் என்பது வரை அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

ஆண்டவன் சமாசாரத்தை வியாபாரத்தோடு முடிச்சுப் போடுகிறேன் என்று கோபிக்காதீர்கள். நான் சொல்ல வருவது அந்தக் கவரை. அதில் 'ஏதாவது தேவையா சார்?' என்று எழுதியிருப்பதில்லை. 'உங்களை ஞாபகம் இருக்கிறது' என்பது மட்டும்தான் அதன் செய்தி. வருஷம் தவறாமல்!

அதே ஊரில் ஒரு பல்கலைக்கழகம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரி தொடங்க, 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. 2013-ல் அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. ஆபீஸில் நாலு பேர் இருந்தால் ஒருவராவது நேரிலோ தபாலிலோ 'அண்ணாமலை'யில் படித்தவராக இருப்பார். அதுவே தனி நெட்வொர்க்!

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நகரத்தார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடத்திய லேவாதேவியிலிருந்து. அவர்கள் கடைக்கு 'விலாசம்' என்று ஒன்று உண்டு. நாம் நினைக்கிற தெரு, கதவு எண் இல்லை. தாத்தா பெயர், அப்பா பெயர், தன் பெயர் இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்த கடைப் பெயர். சில எழுத்துகள்தான். அந்த விலாசத்தில் எழுதிய உண்டியல் கடல் தாண்டிச் செல்லும். வெளிநாட்டுக் கடைக்குப் போகிற ஏஜென்ட் பெரும்பாலும் மூன்று வருஷக் கெடுவில் போவார். அங்கே தப்பு செய்தால் இங்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கோயில், கல்யாணம், வட்டிக் கணக்கு எல்லாம் ஒரே வட்டத்துக்குள். பேரைக் கெடுத்துக்கொண்டு எங்கே போய் ஒளிவது?

நம்பிக்கை கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற பிரபல வெள்ளைக்கார நிறுவனம் திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியில்தான், நம் பணத்துக்கு நம் பேங்க் வேண்டும் என்று வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார்களும் கை கொடுக்க, 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

ஆக, விலாசம் என்றால் அட்ரஸ் இல்லை. 'இன்னார் சொன்னால் சரியாக இருக்கும்' என்று ஊர் வைத்திருக்கிற கணக்கு.

ஒருநாள் என்னையே கேட்டான்

பெட்டிக்கடை... மன்னிக்கவும், பெட்டித் தொழில் தோழனுக்கு வருகிறேன்.

"சிதம்பரத்துல உனக்குத் தெரிஞ்ச ஸ்வீட் கடை இருக்குல்ல? என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லேன்டா."

எனக்குத் தொண்டையில் முள் மாட்டியது போல் ஆகிவிட்டது. அவனுக்குத் தெரியாத ஒரு பழைய கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவரை ஓர் உறவினர் வீட்டு மாடி கட்டும் வேலைக்குச் சொல்லிவிட்டேன். 'நல்லா செய்வாரா தம்பி?' என்று கேட்டார்கள். அவர் ஒரு செங்கல் வைத்தும் நான் பார்த்ததில்லை. "சூப்பரா செய்வார் அத்தை!" என்று அடித்து விட்டேன். அட்வான்ஸ் வாங்கியவர் பாதிச் சுவரோடு காணாமல் போனார். அந்த அத்தை இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசுவதும் இல்லை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அப்பா பேருக்கு வரும். என் பேர் இருக்காது.

சிபாரிசு என்பது சும்மா வாய் வார்த்தை என்று நினைக்கிறோம். இல்லை சார். அது பெயர் எழுதாத ஜாமீன் பத்திரம்.

அதனால் இந்தத் தடவை யோசித்தேன். "முதல்ல உன் ஷெட்டுக்கு வர்றேன்" என்றேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. "என்னையே செக் பண்றியா?" என்றான். "ஆமாம்" என்றேன். இருபது வருஷ நட்பில் அதைவிடக் கஷ்டமான ஒரு 'ஆமாம்' நான் சொன்னதில்லை.

இரண்டு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியில் நெய் ஒழுகுமா என்று மைசூர்பாகை வைத்து ராத்திரி பூராவும் விட்டுப் பார்த்தோம். (சோதனை முடிந்த மைசூர்பாகு என்ன ஆயிற்று என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.) மூலை மடிப்பு சரியில்லாத பெட்டிகளை அவன் மாமியார் ஈவு இரக்கமில்லாமல் கிழித்துப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

கீழ வீதிப் பக்கம் இருக்கிற அந்தக் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, என் தோழன் பெட்டி போடறான். தொழிலுக்குப் புதுசு. ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன், வேலை சுத்தமா இருக்கு. பெரிய ஆர்டர் வேணாம். கொஞ்சமா கொடுத்துப் பாருங்க."

"தம்பி சொன்னா சரி. வரச் சொல்லுங்க."

'தம்பி சொன்னா சரி.' அந்த நாலணா வார்த்தையின் கனம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

2,000 பெட்டி, ஒரு தப்பு

முதல் ஆர்டர் 300 பெட்டி. நன்றாகப் போயிற்று. அடுத்தது மார்கழியில், ஆருத்ரா தரிசனக் கூட்டத்துக்காக 2,000 பெட்டி. மூடியில் கடைப் பெயர், நடராஜர் கோயில் கோபுரம், போன் நம்பர். தேருக்கு மூன்று நாள் முன்பு கடையில் இருக்க வேண்டும்.

அதற்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன். குரலே வரவில்லை.

"மச்சான்... போன் நம்பர்ல ஒரு நம்பர் மாறிடுச்சுடா. ஏழுக்குப் பதில் ஒண்ணு. ரெண்டாயிரமும்."

"கடைக்காரர் பார்த்துட்டாரா?"

"இன்னும் அனுப்பவே இல்ல."

நாம் இருவரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். 'பெட்டியில் இருக்கிற நம்பரை யார் பார்க்கப்போகிறார்கள்? ஸ்வீட்டைத் தின்றுவிட்டுத் தூக்கிப் போடுவார்கள். அனுப்பிவிடு.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதற்குள் அவனே சொன்னான். "அவருக்குப் போன் பண்ணி ஒத்துக்கறேன். உனக்கு முதல்ல சொல்லணும்னு தோணிச்சு. உன் பேர்ல போயிருக்கேன் இல்ல?"

அவரைக் கூப்பிட்டுச் சொன்னான். அந்தப் பக்கம் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துத் தமிழ் தெய்வீகமானதுதான், ஆனால் எல்லா நேரத்திலும் அல்ல. பிறகு தீர்வும் அவனே சொன்னான். சரியான நம்பரை ஸ்டிக்கராக அடித்து எல்லாப் பெட்டியிலும் ஒட்டி விடிவதற்குள் கொண்டுவருவது. ஸ்டிக்கர் செலவு அவனுடையது. இந்த 2,000-க்குப் பில்லில் கால்வாசி தள்ளுபடி.

ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டிக்கர் வந்தது. அவன், மனைவி, மாமியார், இரண்டு பையன்கள், நான். விடிய விடிய ஒட்டினோம். என் பி.காம் படிப்பு இவ்வளவு நேரடியாக எதற்கும் பயன்பட்டதில்லை. நாலரை மணிக்குக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, மார்கழிப் பனியில் ஆறரைக்குள் கீழ வீதியில் நின்றோம். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விரலெல்லாம் பசை.

"நீங்க எதுக்குத் தம்பி வந்தீங்க?"

"நான் சொன்ன ஆளுண்ணே."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. "உள்ள வந்து காபி சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

அந்த வருஷப் பில்லில் தோழனுக்கு லாபம் இல்லை, கைநஷ்டம்தான். ஆனால் தை பிறந்ததும் அந்தக் கடைக்காரரே மூன்று கடைகளுக்கு அவனைச் சொல்லி அனுப்பினார். என்ன சொன்னாராம் தெரியுமா? 'பெட்டி நல்லா இருக்கும்' என்று இல்லை. "தப்பு பண்ணா அவனே வந்து சொல்லுவான்" என்று!

இதைவிடப் பெரிய சிபாரிசு உலகத்தில் உண்டா?

போகிறபோக்கில் சில

இத்தனைக்குப் பிறகு எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நாளைக்கே வேலை மாற வேண்டுமானால் நீங்களும் வியாபாரிதான், சரக்கு நீங்கள்.

● 'ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்' என்று கேட்காதீர்கள். யாருக்கும் ஏதாவது இருக்காது. 'இந்தக் கடைக்காரரை உங்களுக்குத் தெரியுமா? இந்தப் பொருளைப் பற்றிப் பேச வேண்டும்' என்று குறிப்பாகக் கேளுங்கள்.

● வேலை இருக்கும்போதும் நாலு பேரை விசாரியுங்கள். தேவை வந்தபிறகு மட்டும் கூப்பிடுகிறவனின் நம்பரைப் பார்த்தாலே போன் தானாக சைலன்ட்டுக்குப் போகும்.

● பார்க்காத வேலையை 'சூப்பர்' என்று சொல்லாதீர்கள். 'ஆள் தெரியும், வேலை தெரியாது' என்று சொல்வதும் உதவிதான். என் அத்தையிடம் அப்படிச் சொல்லியிருந்தால் இன்று எனக்கு ஓர் அத்தை இருந்திருப்பார்.

● ஒருவர் உங்களைச் சிபாரிசு செய்தால், காரியம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அவருக்குத் தகவல் சொல்லுங்கள். தப்பு நடந்தால் முதல் போன் அவருக்கு.

● உங்களுக்குச் செய்தவருக்கே திருப்பிச் செய்ய முடியாமல் போகலாம். வேறு ஒருவருக்குச் செய்யுங்கள். கணக்கு எங்கேயோ டேலி ஆகிவிடுகிறது. பேலன்ஸ் ஷீட் போட்டவன் சொல்கிறேன்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடகு நகையில் வளையல்கள் மட்டும் மீண்டு வந்திருந்தன. சங்கிலி இன்னும் வரவில்லை, வரும் என்றான். சமையலறைக் கதவில் ஓர் ஆணி. அதில் குத்தி வைத்திருந்த சின்னச் சின்ன அட்டைகளில் அவன் மனைவி பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

மீதி 180 விசிட்டிங் கார்டு!

"நல்ல கெட்டி அட்டைண்ணே. நாலு வருஷத்துக்கு வரும்" என்றார்.